வலிக்காத கட்டி

கழுத்தில் கட்டி என்று வந்து உட்காருபவருக்கு அனுபவமுள்ள அறுவை சிகிச்சை மருத்துவர் முதலில் எழுதித் தருவது ஸ்கேன் சீட்டு அல்ல. ஒரு தம்ளர் தண்ணீரைக் கையில் கொடுப்பார். ஒரு மடக்கு வாயில் வைத்துக்கொண்டு, சொன்னதும் விழுங்க வேண்டும். விழுங்கும்போது கட்டி மேலே ஏறி இறங்கினால் அது அநேகமாகத் தைராய்டு. அந்தச் சுரப்பி ஒரு மெல்லிய உறையால் குரல்வளையோடு பிணைந்திருக்கிறது. விழுங்கும்போது குரல்வளை ஏறும், கூடவே சுரப்பியும் ஏறும். அடுத்து நாக்கை நீட்டச் சொல்வார். நாக்கை நீட்டும்போது நடுக்கழுத்துக் கட்டி விசுக்கென்று மேலே இழுபட்டால் அது தைராய்டின் பழைய பாதையில் தங்கிப்போன நீர்க்கட்டி. கருவில் தைராய்டு உருவாவது கழுத்தில் இல்லை, நாக்கின் அடிவேரில். அங்கிருந்து இறங்கி, கருவின் ஏழாவது வாரவாக்கில் தன் இடத்துக்கு வந்து சேர்கிறது. வந்த வழி பிறகு மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு மூடுவதில்லை. பள்ளிப் பருவத்திலோ இருபது வயதிலோ அந்த மிச்சத்தில் நீர் கோத்துக் கட்டியாகத் தெரிகிறது.

இரண்டு சோதனைக்கும் சேர்த்து ஒரு நிமிடம் ஆகாது, காசும் இல்லை. கட்டி எந்த இடத்தில், எத்தனை நாளாக, எப்படி அசைகிறது என்ற மூன்று கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி நோயை அங்கேயே ஊகித்துவிடலாம். ஆனால் அந்த நாற்காலிக்கு ஆள் வந்து சேர்வதுதான் பெரும்பாடு.

கடலூர், சிதம்பரம் பக்கத்து வீடுகளில் கட்டியைத் தொட்டுப் பார்க்கும் பெரியம்மாவின் முதல் கேள்வி, "வலிக்குதா?" என்பதுதான். வலிக்கிறது என்றால் உப்பு ஒத்தடம், மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த பற்று, மறுநாளே மருத்துவரிடம். வலிக்கவில்லை என்றால், "அப்ப ஒண்ணுமில்ல, தானா கரைஞ்சிடும்." கழுத்தைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு அநேகமாகத் தலைகீழ். வலித்துக்கொண்டு வருபவற்றில் பெரும்பாலானவை சில நாளில் அடங்கிவிடும். மாதக்கணக்கில் மருந்து கேட்பவையும் உயிருக்கு உலை வைப்பவையும் பெரும்பாலும் வலிக்காமல்தான் வளர்கின்றன.

வலிப்பவற்றை முதலில் முடித்துவிடலாம். காதுக்குக் கீழே இரு கன்னமும் உப்பிப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அது பொன்னுக்கு வீங்கி. வைரஸ் நோய். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் வடிந்துவிடும் என்பார்கள். வடியத்தான் செய்யும், சங்கிலி இல்லாவிட்டாலும் பத்து நாளுக்குள் வடியும். அரசு இலவசமாகப் போடும் தட்டம்மை, ரூபெல்லா ஊசியில் இதற்கான தடுப்பு இல்லை என்பதால் இது நம் பள்ளிகளில் இன்னும் வந்து போய்க்கொண்டே இருக்கிறது. தாடைக்கு அடியில் சாப்பிட உட்கார்ந்ததும் வீங்கி வலித்து, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வடிந்துபோகும் கட்டி ஒன்று உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாயில் கல் அடைத்திருக்கிறது என்று பொருள். புளிப்பைக் கண்டாலே வலிக்கிறது என்பார்கள்.

மற்றபடி வலிக்கும் கட்டிகளில் அதிகம் நிணநீர்க் கணுக்கள். ஊர்ப்பேச்சில் 'நெறி கட்டியிருக்கு'. உடலில் உள்ள பல நூறு கணுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழுத்தில் இருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் ஆல்பேட்டையில் சோதனைச் சாவடி இருப்பதைப் போல, வாய், மூக்கு, தொண்டை, தலைத்தோல் என ஒவ்வொரு பகுதியிலிருந்தும் திரும்பும் நிணநீரைத் தடுத்துச் சோதிக்க அந்தந்தப் பாதையில் கணுக்கள் நிற்கின்றன. ஆகவே எந்தக் கணு வீங்கியிருக்கிறது என்பதே தொல்லை எங்கே என்று காட்டிக் கொடுக்கும். தாடைக்கு அடியில் என்றால் சொத்தைப் பல்லைப் பாருங்கள். தாடைக் கோணத்தில் என்றால் டான்சில். பள்ளி போகும் பெண்பிள்ளைக்குப் பின்கழுத்தில் கோலிக்குண்டு கோத்த மாதிரி தட்டுப்பட்டால் முதலில் தலையில் பேன் பாருங்கள். பேன் கடித்துச் சொறிந்த புண்ணுக்காகக் கட்டிய நெறிதான் பெரும்பாலும். குழந்தைகள் கழுத்தில் ஒரு சென்டிமீட்டருக்குள் உருளும் மென்மையான கணுக்கள் சகஜம். அதற்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

வலிக்கும் கட்டியிலும் ஒன்று மட்டும் காத்திருக்காது. பல்வலியில் தொடங்கி, தாடைக்கு அடியும் நாக்கின் அடியும் சேர்ந்து கல்லாக வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சிலை விழுங்க முடியாமல் போனால் அது ஆழத்தில் வேகமாகப் பரவும் தொற்று. சில மணி நேரத்தில் மூச்சுப் பாதையை அடைக்கும். நள்ளிரவானாலும் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி வலிக்காதவை.

நம் ஊரில் இந்த வரிசையில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். காசநோய் என்றால் இருமல், சளி, நுரையீரல் என்றே பழகிவிட்டோம். ஆனால் அதே கிருமி நுரையீரலுக்கு வெளியேயும் குடியேறும். அப்படி அது அதிகம் குடியேறும் இடம் நிணநீர்க் கணு, அதிலும் கழுத்து. சித்த மருத்துவம் இதைக் கண்டமாலை என்று அறிந்திருந்தது. கழுத்தைச் சுற்றி மாலைபோல் வரிசையாக வரும். முதலில் தனித்தனிக் கணு. பிறகு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் இளகும். கடைசியில் தோல் உடைந்து நாள்கணக்கில் கசியும். இவ்வளவும் சூடோ சிவப்போ பெரிய வலியோ இல்லாமல் நடக்கும். பாதிப் பேருக்குக் காய்ச்சல்கூட இருக்காது. இளம் பெண்களுக்கு அதிகம் வருகிறது. துப்பட்டாவும் முந்தானையும் மறைத்துவிடுகின்றன, கல்யாணப் பேச்சு முடியட்டும் என்று வீடும் மறைத்துவிடுகிறது.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு காலத்தில் அரசர்தான் மருத்துவர். இங்கிலாந்து, பிரான்சு மன்னர்கள் கையால் தொட்டால் கண்டமாலை ஆறும் என்று நம்பினார்கள். பிற்காலத்தில் ஆங்கில அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனை, இரண்டரை வயதுக் குழந்தையாக 1712-ல் லண்டனுக்குத் தூக்கிச் சென்று ஆன் அரசியைத் தொடவைத்தார்கள். ஆறவில்லை. கட்டியைக் கத்தியால் கீறினார்கள். அந்தத் தழும்புகள் சாகும்வரை அவர் முகத்திலும் கழுத்திலும் இருந்தன. முந்நூறு வருடம் ஆகியும் அந்தக் கத்தி இங்கே ஓயவில்லை. சீழ்க்கட்டி என்று நினைத்துக் காசநோய்க் கணுவைக் கீறிவிட, புண் ஆறாமல் மாதக்கணக்கில் ஒழுகிக்கொண்டு வருபவர்களை மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் பார்க்கலாம். சூடும் சிவப்பும் இல்லாத சீழ்க்கட்டியைக் கீறக் கூடாது, ஊசியால் உறிஞ்ச வேண்டும் என்பது அறுவை சிகிச்சைப் பாடத்தின் பால பாடம்.

இதற்குக் கத்தி தேவையில்லை என்று காட்டிய ஊர்களில் நம் சென்னைக்கு முக்கிய இடம் உண்டு. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், குடிசைப் பகுதி நோயாளிகளைப் பாதிப் பேர் சானடோரியத்திலும் பாதிப் பேர் வீட்டிலுமாக வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-ல் வெளியான அந்த முடிவு, காசநோயாளியை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைக்கும் வழக்கத்தை உலகம் முழுக்க மாற்றியது. அது நுரையீரல் நோய்க்கானது. பின்னாளில் அதே நிறுவனம், கழுத்துக் கணுவில் காசநோய் வந்த குழந்தைகளுக்கு ஆறு மாத மருந்தே போதும் என்று காட்டி 1990-ல் வெளியிட்டது. இன்றைக்கும் அதே ஆறு மாதம்தான்.

மாத்திரை தொடங்கிய பிறகு நடக்கும் ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும். சிலருக்கு இரண்டாம் மாதத்தில் கட்டி பெரிதாகும். பக்கத்தில் புதிதாக ஒன்றும் முளைக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். செத்த கிருமிகளின்மீது உடலின் எதிர்ப்பு பாய்வதால் வரும் வீக்கம் அது. மருத்துவரிடம் காட்ட வேண்டும், மாத்திரையை நிறுத்தக் கூடாது. இன்னொன்று: நுரையீரலில் நோய் இல்லாமல் கழுத்தில் மட்டும் இருந்தால் அது மூச்சால் பரவாது. எக்ஸ்ரே எடுத்து நெஞ்சு சுத்தம் என்று தெரிந்த பிறகும் மருமகளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வைக்கும் வீடுகளுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். மருந்து இலவசம். சத்துணவுக்காக அரசு மாதம் 500 ரூபாய் தந்துகொண்டிருந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000.

இரண்டாவது, சொல்லத் தயங்கும் பெயர். கழுத்துக் கணுவில் புற்று வந்தால் அது பெரும்பாலும் அங்கே பிறந்தது அல்ல. வாயிலிருந்தோ தொண்டையிலிருந்தோ பரவி வந்தது. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வயல்களில் புகையிலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு நாற்று நடும் பெண்கள் உண்டு. கடலூர் துறைமுகத்தில் பீடி அணையாமல் வலை பின்னுபவர்கள் உண்டு. 2013-ல் தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை வந்தது. பொட்டலம் இன்னும் கடைக்கு உள்ளேயிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. நாக்கின் அடிவேரிலும் தொண்டைக் குழியிலும் முளைக்கும் புற்று மிளகளவில் இருக்கும்போதே அதன் செல்கள் கணுவுக்குப் போய்விடலாம். அப்போது நோயாளிக்குத் தெரிவது கழுத்துக் கட்டி ஒன்றுதான். அது கல்போல் கெட்டியாக, நகர்த்தினால் நகராமல் இருக்கும். கூடவே இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்: ஆறாத வாய்ப்புண், மூன்று வாரத்துக்கு மேல் கரகரக்கும் குரல், சோறு இறங்கத் தடை, எச்சிலில் ரத்தம், காதில் எதுவும் இல்லாமலே ஒரு பக்கக் காதுவலி. இந்தக் காதுவலி ஏமாற்றுக்காரி. தொண்டைக்கும் காதுக்கும் நரம்பு பொது என்பதால் தொண்டையின் நோவு காதில் தெரியும். சொட்டு மருந்து ஊற்றியே மாதங்களைக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். வாய்ப்புற்று கணுவுக்குப் பரவிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகிவிடும் என்கின்றன மருத்துவ நூல்கள். தள்ளிப்போடும் மாதங்களுக்கு அதுதான் விலை.

கழுத்தின் அடியில், இடது காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் கட்டி வந்தால் கதை வேறு. வயிற்றுப் பகுதியிலிருந்து மேலேறும் பெரிய நிணநீர்க் குழாய் வந்து கலப்பது அங்கேதான். அந்தக் கணு வீங்கினால் மருத்துவர் இரைப்பையைச் சோதிப்பார். 'கழுத்துக் கட்டிக்கு எதுக்கு வயித்துல ட்யூப் விடுறாங்க?' என்று கோபப்பட வேண்டாம். எந்த வயதிலும் அந்தக் குழியில் வரும் கட்டியை அலட்சியம் செய்யக் கூடாது.

மூன்றாவது, நிணநீர்க் கணுவிலேயே பிறக்கும் புற்றான லிம்போமா. ரப்பர்போல் இருக்கும். இரவில் உடை நனைய வியர்வை, காரணமில்லாமல் எடை குறைதல், விட்டு விட்டுக் காய்ச்சல். காசநோயும் இதையேதான் செய்யும் என்பதால் கையால் தொட்டு எந்த மருத்துவரும் சத்தியம் செய்ய முடியாது. கட்டியில் என்ன இருக்கிறது என்று எடுத்துப் பார்க்காமலே காசநோய் மாத்திரை தொடங்குவதில் உள்ள ஆபத்தும் இதுதான். இத்தனைக்கும் ஹாட்ஜ்கின் வகை லிம்போமா புற்றுநோய்களிலேயே நன்றாகக் குணமாகும் ஒன்று. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் குணமாகிறார்கள்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் பக்கத்து ஊர்களில் எந்தக் கட்டி வந்தாலும் கெமிக்கல் காற்றைச் சொல்வார்கள். அங்கே காற்றைப் பற்றிய புகார் பழையது, நியாயமானது. ஆனால் அந்தச் சந்தேகம் பரிசோதனைக்குப் பதிலாகிவிடக் கூடாது. கட்டிக்குள் இருப்பது காசநோயாக இருந்தால் அதற்கு மாத்திரை இருக்கிறது.

எடுத்துப் பார்ப்பது என்றால் ஊசி. இங்கேதான் நம் ஊரின் மிகப் பெரிய பயம் நிற்கிறது: "ஊசி குத்தினா பரவிடும்." எஃப்.என்.ஏ.சி. என்று சீட்டில் எழுதும் இந்தச் சோதனையில் பயன்படுவது ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது. மயக்க மருந்து வேண்டாம். சில துளி செல்களை உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். காசநோய்ச் சந்தேகம் இருந்தால் உறிஞ்சியதில் கொஞ்சம் சி.பி.நாட் இயந்திரத்துக்குப் போகும். கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குமா என்று இரண்டு மணி நேரத்தில் அது சொல்லிவிடும். மெல்லிய ஊசியால் கழுத்தில் புற்று பரவுவது அரிதிலும் அரிது. ஊசி போட்ட பின் நோய் முற்றியதாகத் தெரிவது ஏன்? ஊசிக்கு வரும்போதே முற்றியிருந்ததுதான்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. நியூயார்க்கில் 1930-லேயே ஊசியால் உறிஞ்சிப் புற்றை அறியலாம் என்று எழுதியவர் ஹேயஸ் மார்ட்டின் என்ற அறுவை மருத்துவர். அதே மார்ட்டின், வாயையும் தொண்டையையும் பார்க்காமல் அவசரப்பட்டுக் கழுத்துக் கணுவை வெட்டி எடுப்பதைக் கண்டித்து 1961-ல் எழுதினார். முதலில் வாய்க்குள் விரல் விட்டு, தொண்டைக்குள் எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்து, பிறகு ஊசி, அதிலும் தெரியாவிட்டால்தான் வெட்டி எடுப்பது என்பதே வரிசை. லிம்போமா என்று ஊசியில் சந்தேகம் வந்தால் மட்டும் முழுக் கணுவை எடுத்தே ஆக வேண்டும். வகை பிரிக்கச் சில துளி போதாது. 'முதல்ல கட்டியை எடுத்துடலாம், அப்புறம் பாத்துக்கலாம்' என்று சின்ன மருத்துவமனையில் சொன்னால், காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தாரா என்று கேளுங்கள்.

மருந்துக் கடையில் கலந்து தரும் மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் ஸ்டீராய்டு இருந்தால் லிம்போமா கொஞ்ச நாள் சுருங்கும். சில ஆண்டிபயாடிக்குகள் காசநோயைக் குணப்படுத்தாமல் மங்கலாக்கும். கட்டி குறைந்த மாதிரி இருக்கும், இரண்டு மாதம் போய்விடும். தொற்றின் அடையாளம் இல்லாத பெரியவர்களின் கழுத்துக் கட்டிக்குச் சும்மா ஆண்டிபயாடிக் எழுத வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2017-ல் தன் மருத்துவர்களுக்கே வழிகாட்டுதல் வெளியிட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டினால், கெட்டியாக அசையாமல் இருந்தால் ஆராய வேண்டும் என்பது அதன் அளவுகோல்.

தைராய்டுக்கு மட்டும் நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுவேன். தைராய்டுக் கட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தீங்கற்றவை. கடலோரத்தில் இருக்கிறோம், தைராய்டை வீங்கவைக்கும் அயோடின் குறைவு நமக்கு வராது என்பது சரியல்ல. கடல்நீர் பாத்தியில் காய்ந்து உப்பாகும்போது அயோடின் அதில் தங்குவதில்லை. மூட்டையில் வரும் கல் உப்பையே ஆளும் வீடுகள் அயோடின் சேர்த்த பொட்டலத்துக்கு மாறலாம். இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் தொடங்கி வி. ராமலிங்கசுவாமி நடத்திய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தாலே கழலை என்னும் அந்த வீக்கம் குறையும் என்று நிரூபித்தது. ஆனால் கட்டியே இல்லாதவர்கள் 'எதற்கும் ஒரு ஸ்கேன்' என்று போக வேண்டாம். தென்கொரியாவில் அப்படிப் போனார்கள். 1993-க்கும் 2011-க்கும் இடையே தைராய்டுப் புற்று பதினைந்து மடங்கு அதிகம் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் இறப்பவர்களின் எண்ணிக்கை மாறவே இல்லை. தேவையில்லாமல் சுரப்பியை இழந்து ஆயுளுக்கும் மாத்திரை விழுங்குபவர்கள்தான் மிச்சம். கையில் தட்டுப்படும் கட்டிக்குத்தான் ஸ்கேன், ஸ்கேன் சந்தேகப்பட்டால்தான் ஊசி.

எங்கே போவது? கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு வழி தூரமில்லை. கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அண்ணாமலை நகரில் 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இப்போது அரசின் கையில் மாவட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இயங்குகிறது. கடலூரிலிருந்து எட்டும் தூரத்தில் புதுச்சேரி ஜிப்மர். இரண்டு வாரம் கடந்த கட்டி என்றால் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ அறுவை சிகிச்சைப் பிரிவிலோ சீட்டு போடுங்கள். எப்போது முதலில் கண்ணில் பட்டது, வளர்ந்ததா, எடை குறைந்ததா, புகையிலை உண்டா, வீட்டில் யாருக்காவது காசநோய் வந்ததா, இதுவரை என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். புகையிலைக் கேள்விக்கு, கூட வந்த மாமியார் முன்னால் இல்லை என்று சொல்லிவிட்டு வராதீர்கள்.

ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். ஊசிச் சோதனையின் கண்ணாடித் தகடுகளையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். போகும் இடத்து நோய்க்குறியியல் மருத்துவர் அதையே மறுபடி பார்த்துச் சொல்ல முடியும். பலருக்கு இரண்டாவது ஊசி தேவைப்படாது.